மாமா செய்த எட்டுத் தப்புகள்

நீ ஜாஸும் ஆம்பியன்ட்டும் கேட்க ஆரம்பித்திருக்கிறாய், கேட்பதைப் பற்றி நண்பர்களோடு பேச ஆசைப்படுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்ல ஆசை, கண்ணு. எனக்கு அது வந்த வயதில் சொல்லித்தர ஆள் இல்லை. ராத்திரியில் சிற்றலை ரேடியோவைத் திருகித் திருகி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சியைப் பிடிப்பேன். 1955லிருந்து நாற்பது வருடம் அதை நடத்தியவர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியும்படி, ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக எடுத்து வைப்பார். அவரிடம் பாடம் கேட்டும் நான் செய்த தப்புகள் அநேகம். அதில் எட்டை உனக்குத் தருகிறேன். நீ புதிதாக வேறு எட்டு செய்துகொள்.

1. முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசு. ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' எனக்கு முதலில் கேசட்டின் ஒரு பக்கமாகத்தான் கிடைத்தது. நாலு பகுதியில் இரண்டுதான் அதில் இருந்தன. அதை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தேன். "கடைசிப் பகுதி எப்படி?" என்று ஒரு நண்பர் கேட்டார். "அருமை" என்றேன். "அதில் சாக்ஸபோன் என்ன சொல்கிறது?" என்றார். விழித்தேன். கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையை அங்கே சொல் சொல்லாக வாசிக்கிறார் என்று அவர்தான் சொன்னார். 1964 டிசம்பர் 9 அன்று நால்வர் வாசித்தது அது. மொத்தமே 33 நிமிடம். அதைக்கூடக் கொடுக்காதவன் புகழ்ந்தால் என்ன, இகழ்ந்தால் என்ன?

2. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' 1960ல் பதிவானது. எட்டுப் பேர் இரண்டு அணியாகப் பிரிந்து ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஓர் அணி இடது காதில், மற்றது வலது காதில். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொல்ல வெட்கப்பட்டு, "என்ன சிக்கனம், என்ன அடக்கம்!" என்று ஒரு மாதம் வியந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் என் ஹெட்போனில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. பாதிப் பேரை நான் கேட்கவே இல்லை! முதல் நாளே "புரியவில்லை" என்றிருந்தால் யாராவது அந்த ஹெட்போனை வாங்கிப் பார்த்திருப்பார்கள். வெட்கம் பார்ப்பவனுக்கு வித்தை தங்காது.

3. ஒன்றும் நடக்கவில்லையே என்று எழுந்து போகாதே. பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978) கேட்டு, "வாசல் மணி மாதிரி இருக்கிறது" என்று சொல்லி நிறுத்தப் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த உன் அத்தை, "அந்தப் பொம்பளைங்க குரல் நல்லாத்தானே இருக்குது, இருக்கட்டும் விடுங்க" என்றாள். வெவ்வேறு நீளமுள்ள நாடாக்கள் சுற்றிச் சுற்றி வருவதால், அந்தக் குரல்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சந்தித்துக்கொள்ளும். அவசரக்காரனுக்கு அது கேட்காது. இந்த வழி ஈனோவுக்குத் திறந்த கதையும் அழகு. 1975ல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டைக் கொண்டுவந்தாள். அவள் போன பிறகு சிரமப்பட்டுத் தட்டைப் போட்டுவிட்டுப் படுத்தார். சத்தம் மிகக் குறைவு. ஒரு பக்கம் ஒலிக்கவும் இல்லை. மறுபடி எழுந்து சரிசெய்ய உடம்பில் தெம்பில்லை. மழையோடு மழையாக அந்த இசை கேட்டது. ஒருவர் கையில் ஒரு தட்டோடு நோயாளியைப் பார்க்கப் போனதால் என்னவெல்லாம் பிறந்தது பார்.

4. பசி அறிந்து பரிமாறு. வில்லியம் பசின்ஸ்கி 2001ல் தன் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றினார். ஓட ஓட நாடாவின் பூச்சு உதிர்ந்தது, இசையும் சுற்றுக்குச் சுற்று தேய்ந்தது. அந்தத் தேய்மானத்தையே 'டிஸின்டிகிரேஷன் லூப்ஸ்' என்று வெளியிட்டார். முதல் பகுதியே ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் உருகிப்போய், அம்மாவை இழந்து பத்து நாள்கூட ஆகாத நண்பருக்கு அனுப்பிவைத்தேன். கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டாராம். "கடைசி ராத்திரி அம்மா மூச்சு விட்ட மாதிரியே இருந்துச்சு" என்றார். இசையில் குற்றமில்லை, கொடுத்த வேளையில்தான் குற்றம். அன்றிலிருந்து எதை அனுப்புவதானாலும் முதலில் நலம் விசாரிக்கிறேன்.

5. பக்கத்தில் வாசித்தவர் பேரையும் சொல். 'வால்ட்ஸ் ஃபார் டெபி' தட்டைப் பல வருடம் "பில் எவன்ஸ் பியானோ" என்றே சொல்லிவந்தேன். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் பதிவானது. கண்ணாடிக் கோப்பைகள் உரசுவதும், யாரோ பேசிக்கொள்வதும்கூடக் கேட்கும். ட்ரம்ஸில் பால் மோஷன். டபுள் பேஸில் ஸ்காட் லஃபாரோ. அவர் பியானோவுக்குப் பின்னால் நடப்பதில்லை, கூடவே நின்று பதில் பேசுவார். 11 நாள் கழித்து கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. கோப்பைச் சத்தம்வரை கேட்ட என் காது அந்தப் பையனைக் கேட்காமல் இருந்திருக்கிறது. நாயனத்தை மெச்சிவிட்டுத் தவிலை மறந்தால் கச்சேரி கேட்டதாகாது.

6. ஒளித்து வைக்காதே. வேறு யாரிடமும் இல்லாத ஒரு கேசட் என்னிடம் இருந்தது. யார் கேட்டாலும், "எங்கேயோ வைத்துவிட்டேன்" என்பேன். ஆறு வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் நாடா முழுக்கப் பூஞ்சை. ஒரே ஒருவருக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தால் ஒரு பிரதியாவது பிழைத்திருக்கும். ஜப்பானின் யோகோஹாமாவில் 1933ல் தொடங்கிய 'சிகுசா' என்ற காப்பிக் கடையைப் பற்றி அதன் பிறகுதான் படித்தேன். தட்டு வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஜாஸ் கேட்பார்களாம். போருக்குப் பின் அப்படி அங்கே கேட்டவர்களில் ஒருவர் தோஷிகோ அகியோஷி. பின்னாளில் அமெரிக்காவில் சொந்த இசைக்குழுவையே நடத்தினார். கடைக்காரர் பூட்டி வைத்திருந்தால்? பூட்டிய பாட்டு பூஞ்சைக்குத்தான்.

7. அடுத்தவரின் முதல் காதலைப் பார்த்துச் சிரிக்காதே. "மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்டேன் சார், ராத்திரி தூக்கமே வரலை" என்று ஒரு கல்லூரிப் பையன் ஓடிவந்தான். "எல்லோரும் கேட்பதுதானே" என்று உதட்டைப் பிதுக்கினேன். அதற்கப்புறம் அவன் என்னிடம் இசை பேசியதே இல்லை. அந்தத் தட்டில் எனக்கு ஒவ்வொரு சுரமும் தெரியும் என்ற திமிர். 1959ல் அதைப் பதிவு செய்தபோது கருவி சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கம் முழுக்கச் சுருதி கொஞ்சம் கூடியே அச்சாகியிருந்தது. 1992ல் வந்த மறுபதிப்பில்தான் சரி செய்தார்கள். ஆக, நான் அத்தனை வருடம் மனப்பாடம் செய்து வைத்திருந்தது பிசகிய சுருதியை!

8. சின்னவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள். எங்கள் மாடியில் குடியிருந்த இருபது வயதுப் பெண், ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' கேட்கச் சொன்னாள். எனக்குத் தெரியாத கோல்ட்ரேனா என்று ஒரு வருடம் அசட்டையாக இருந்தேன். 1971ல் வந்த தட்டு. கணவர் ஜானை இழந்து மூன்று வருடம் ஆகியிருந்த ஆலிஸ் ஹார்ப் மீட்டுகிறார், பின்னால் தம்புரா நிற்காமல் ஓடுகிறது. தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா, நம் கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். ரேடியோவைத் திருகிக் கடல் தாண்டித் தேடியவனுக்குப் பக்கத்து ஊர்ச் சங்கதியைச் சொல்ல ஒரு சின்னப் பெண் வரவேண்டியிருந்தது.

இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கலாம், கண்ணு: கேள். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். செவியால் பெறுவதைத்தான் அங்கே சொல்கிறார். வினவுவதற்கும் நமக்கு அதே சொல்தான். என் தப்புகளில் ஏழு, இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாததால் வந்தவை. அந்த ஆறாவது மட்டும் வெறும் கஞ்சத்தனம்.

இந்த வாரம் நான் கேட்டுக்கொண்டிருப்பது ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்'. 1982ல் வந்தது. காலையில் உன் அத்தை பூப்பறிக்கும் நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. நீ என்ன கேட்கிறாய்? எனக்கு எழுது. முழுதாகக் கேட்டுவிட்டு எழுது.