இலைத்துளையின் கதவு யார் கையில்?

நண்பகல் வெயிலில் நிற்கும் ஒரு தக்காளிச் செடியைக் கவனியுங்கள். அதற்கு ஓர் இக்கட்டு. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு இலைத்துளைகள் வழியாகவே உள்ளே வருகிறது. நீராவி வெளியேறுவதும் பெரும்பாலும் அதே வழியில்தான். வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இவ்வாறு காற்றில் கலந்துவிடுகிறது. துளையைத் திறந்தால் தாகம், மூடினால் பசி! செடி என்ன செய்யும்?

கதவு இயங்கும் விதம்

துளையின் இரு பக்கமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பு செல்கள் உள்ளன. துளையை ஒட்டிய சுவர் தடித்தது. மறுபக்கச் சுவர் மெல்லியது. ஒரு நீண்ட பலூனின் ஒரு பக்கத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி ஊதிப் பாருங்கள். பலூன் வில்லாக வளையும். இப்படி இரண்டு பலூன்களை நாடாப் பக்கங்கள் எதிரெதிராக இருக்குமாறு வைத்தால், நடுவே இடைவெளி உண்டாகும். இலைத்துளை திறப்பதும் ஏறக்குறைய இவ்வாறே.

இங்கே காற்றுக்குப் பதில் நீர். ஒளி பட்டதும் பொட்டாசியம் அயனிகள் காப்பு செல்லுக்குள் நுழைகின்றன. உட்கரைசல் செறிவடைவதால், சவ்வூடு பரவல் மூலம் நீர் உள்ளே வருகிறது. அழுத்தம் உயர்ந்து துளை திறக்கிறது. அயனிகள் வெளியேறினால் நீரும் வெளியேறும், துளை மூடும்.

மூடச் சொல்லும் ஹார்மோன்

மண் வறண்டால் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் செடியில் பெருகுகிறது. காப்பு செல்லில் அதை ஏற்கும் புரதங்கள் 2009-இல் கண்டறியப்பட்டன. ஹார்மோன் இப்புரதத்துடன் இணைந்ததும் குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகளுக்கான வழிகள் திறக்கின்றன, பொட்டாசியமும் பின்தொடர்கிறது.

இந்த ஹார்மோன் குறைந்தால் என்னவாகும்? 'ஃபிளாக்கா' என்னும் தக்காளி வகை இதற்குச் சான்று. அதில் அப்சிசிக் அமிலம் மிகக் குறைவு. எனவே வாடும்போதும் அதன் துளைகள் மூடுவதில்லை. அந்த அமிலத்தைத் தெளித்தால் செடி இயல்பு நிலைக்குத் திரும்புவதை 1970-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எதிர்க் குரல்கள்

ஆயினும் இது ஒரே ஹார்மோனின் ஆட்சியன்று. வேர் நுனிகளில் பெருமளவில் உருவாகும் சைட்டோகைனின், பொதுவாகத் துளைகள் திறந்திருக்கத் துணை செய்கிறது. வறட்சியில் அதன் அளவு குறைவதால் மூடும் ஆணை வலுப்பெறுகிறது. ஆக்சினும் பெரும்பாலும் திறக்கும் பக்கமே.

எத்திலீனின் போக்கு வியப்பானது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில் எத்திலீன் தனித்து நின்றால் துளையை மூடுகிறது. அப்சிசிக் அமிலத்துடன் சேர்ந்தாலோ, அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது! ஆகவே, 'இந்த ஹார்மோன் என்ன செய்யும்?' என்று கேட்டால் போதாது. 'உடன் எது இருக்கிறது?' என்றும் கேட்க வேண்டும். எல்லாக் குரல்களின் நிகர விளைவே காப்பு செல்லின் அழுத்தமாக வெளிப்படுகிறது.

செய்து பாருங்கள்

வெளிச்சத்தில் இருந்த ரியோ இலையின் கீழ்ப்புறத் தோலை உரித்து, ஒரு துளி நீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பிறகு அடர்ந்த உப்புக் கரைசலை விடுங்கள். துளைகள் மூடுகின்றனவா? நீங்கள் ஹார்மோன் எதையும் சேர்க்கவில்லையே! அப்படியானால் கதவை அசைத்தது எது? விடையை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.