பச்சைக் குறியும் பொருட்பட்டியலும்

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வருங்கால் மிட்டாய்ப் பொட்டலங்கள் கொணர்வர். அவற்றுள் என்ன கலந்துள்ளது என்று நாம் அறிவோமா?

சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்திப் பெறும் செந்நிறச் சாயம் கார்மைன். இது மிட்டாய், பழச்சுவைத் தயிர், பானம் முதலியவற்றில் சேர்க்கப்படுகிறது. ஐரோப்பாவில் இதன் எண் இ 120. அமெரிக்காவில் ‘நிறம் சேர்க்கப்பட்டது’ என எழுதினாலே முன்பு போதுமானதாயிருந்தது. இச்சாயத்தால் சிலர்க்குக் கடும் ஒவ்வாமை உண்டானமையின், 2009இல் விதி வகுத்தனர். 2011 சனவரி 5 முதல் சாயத்தின் பெயரையே குறிப்பிடல் கட்டாயமாயிற்று. உடல்நலம் கருதி எழுந்த விதி, கொல்லாமை போற்றும் நமக்கும் துணையாயிற்று.

நம் நாட்டில் சைவ உணவுக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமும் குறிகளாம். 2020ஆம் ஆண்டின் விதிகள் பூச்சிகளையும் அசைவத்துள் அடக்குகின்றன. ஆயினும் பாலோடு தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்களித்துள்ளன. எனவே, நாம் விலக்கும் தேன் கலந்த பண்டமும் பச்சைக் குறி பெறலாம். கிழங்கு, வெங்காயம், பூண்டு பற்றியும் அக்குறி யாதும் உரைப்பதில்லை.

ஆதலின் பச்சைக் குறி முதற்படியே. பொருட்பட்டியலைப் படித்தலே முழுமையாம்.

பயிற்சி: இல்லத்திலுள்ள மூன்று பொட்டலங்களின் பொருட்பட்டியலைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்வோம். பொடியெழுத்து நம் கண்ணுக்குப் புலப்படும். விழிப்புணர்வு அவர்கள் உள்ளத்தில் பதியும்.