பொய்ப்பல் கட்டுவதில் வரவும் செலவும்

பல் விழுந்தால் இனிக் கஞ்சியே போதுமென்று கருவேப்பிலங்குறிச்சி போன்ற கிராமங்களில் முதியவர்கள் இருந்து விடுகிறார்கள். கடலை, கீரை, மாமிசம் முதலியவற்றை விலக்கி, குழைந்த சோற்றையே உண்பதால் அவர்களுடைய தேக பலம் குன்றுகிறது. வேறு சிலர் நகையை அடகு வைத்தாவது பல் கட்டிக்கொள்ளப் புறப்படுகின்றனர். பயிர்க் கடன் வாங்குமுன் விதை, எரு, கூலி யாவற்றையும் கணக்கிடும் அங்கத்தினர், இவ்விஷயத்தில் முதல் விலையை மட்டும் விசாரிப்பது சரியன்று.

கழற்றி மாட்டும் பல் செட்டே மலிவானது. தனியார் வைத்தியரிடம் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும். ஆனால் சொந்தப் பல்லின் மெல்லும் சக்தியில் கால் பங்குக்குமேல் இதில் எதிர்பார்ப்பதற்கில்லை. பல் போன தாடை எலும்பு, அதிலும் கீழ்த்தாடை, வருஷந்தோறும் தேய்வதால் செட் தளர்ந்துவிடும். ஐந்து முதல் பத்து வருஷங்களுக்குள் புதிது செய்ய நேரிடும். அச்செலவையும் இப்போதே சேர்த்துக் கொள்ள வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பது அவசியம். கொதிநீரில் போட்டால் கோணிவிடும்.

இடையில் ஒன்றிரண்டு பல் மட்டும் போயிருந்தால் பிரிட்ஜ் கட்டுவதுண்டு. இதற்காக இருபுறமுள்ள நல்ல பற்களை ராவவேண்டும். ஒரு வரப்பை அடைக்க இரண்டு வரப்பை வெட்டுவது போன்றதே இது. மேலே போர்த்தும் பீங்கான், விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் பீங்கானுக்கு உறவு முறைதான்.

மூன்றாவது, எலும்பில் டைட்டானியம் திருகாணியைப் பதிக்கும் இம்பிளாண்ட். ஸ்வீடன் தேசத்து பிரேனமார்க் என்பவர் 1965-ம் வருஷத்தில் இதை முதன்முதல் ஒரு மனிதருக்குப் பொருத்தினார். தனியாரிடம் ஒவ்வொன்றுக்கும் பல்லாயிரம் ரூபாய் ஆகும். எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். சர்க்கரை வியாதி அடங்காதவர்களுக்கும் பீடி, சுருட்டுப் பிடிப்பவர்களுக்கும் இது நிலைப்பது சந்தேகம். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளாண்டுகள் வைத்து, அவற்றின்மேல் செட்டை மாட்டலாமென்று 2002-ல் கனடாவில் கூடிய நிபுணர்கள் சிபார்சு செய்தனர். வாய் முழுவதும் திருகு வைப்பதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

சந்தையோரத்தில் அரை மணியில் கம்பியும் பிசினும் கொண்டு ஒட்டும் பல்லே உண்மையில் மிக அதிக விலையுள்ளது. அதன் அடியைச் சுத்தம் செய்ய வழியில்லை; ஈறு புண்ணாகிப் பக்கத்துப் பற்களும் ஆடிவிடும். பல் வைத்தியருக்குப் பதிவு வேண்டுமென்று 1948-ம் வருஷத்துச் சட்டம் ஏற்பட்டது இதைத் தடுக்கவே.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1980-ல் ஏற்பட்ட பல் வைத்தியக் கல்லூரி இப்போது அரசாங்கத்தைச் சேர்ந்தது. கல்லூரிகளில் கட்டணம் குறைவு. ஆயினும் முழு செட்டுக்கு ஐந்தாறு தடவை போகவேண்டி வரும். பஸ் சத்தமும் துணைக்கு வருபவரின் கூலி நஷ்டமும் செலவுதான். ஆகையால் அறுவடை முடிந்து வேலையற்றிருக்கும் நாட்களில் தொடங்குவது உசிதம். போகும்போது, உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும், பழைய செட் இருந்தால் அதையும் எடுத்துச் செல்ல வேண்டும்.