ஒலிப்பதிவுக் கூடமும் புதிய கணிப்பொறியும்

பழைய கருவியை நீக்கிப் புதிய கருவியைக் கொணர்ந்தவுடன் வினை எளிதாய்விடும் என்பது உலகினர் எண்ணம். அவ்வெண்ணம் எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. ஆகவே பெருநகர்களில் மட்டுமன்றிக் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி முதலிய ஊர்களில் சிறு அறையொன்றில் ஒலிப்பதிவு செய்வோர்க்கும் கணிப்பொறியை மாற்றவேண்டிய நிலை வந்துள்ளது. மாற்றிய மறுநாளே, நேற்றுவரை ஒழுங்காய் இயங்கிய ஒலிக்கருவி ஊமையாதலும், கரகரத்தலும், சுருதி பிறழ்தலும் உண்டு. இவற்றின் காரணத்தையும் நீக்கும் முறையையும் நாம் ஈண்டு ஆராய்வோம்.

இஃது அற்பச் செய்தி என்று கருதற்க. 1989-இல் கோடம்பாக்கத்தில் திரு. ஏ. ஆர். ரகுமான் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த கூடத்திலிருந்து உலகறிந்த இசை பிறந்தது. நம் பகுதியில் தெருக்கூத்துப் பாடும் முதிய வாத்தியார் ஒருவர் இன்று பாடுவதை நாளையும் பாடுவார் என்பதற்கு உறுதியில்லை. அவர் குரல் ஒருமுறை பழுதாகப் பதிவானால், அவ்விழப்பை எப்பொருள் கொடுத்தும் ஈடுசெய்தல் இயலாது.

முதற்கண், ஒலி கணிப்பொறியுட் செல்லும் முறையை அறிதல் வேண்டும். மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றுவது ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் கருவியாம். அஃது ஒரு நொடியில் அவ்வலையை எத்தனை முறை அளக்கின்றதோ, அவ்வெண்ணிக்கையே சாம்பிள் ரேட் எனப்படும். மனிதச் செவி ஏறக்குறைய நொடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கவல்லது. அதனைப் பழுதின்றிப் பதிய அதன் இருமடங்கிற்கு மேற்பட்ட அளவைகள் வேண்டும். இதுபற்றியே இசைத்தட்டான சி.டி.க்கு 44,100 என்னும் எண் போதியதாயிற்று. திரைப்படத்திற்கும் காணொளிக்கும் 48,000 வழக்கமாயிற்று. இக்கருவிக்கும் கணிப்பொறிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்கும் நிரல் டிரைவர் எனப்படும். இனி, நோய்க்குறிகளை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

1. ஓசையே வாராமை. விண்டோஸ் 11 என்பது 64 பிட் முறை ஒன்றிலேயே உள்ளது. பழைய 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. ஆதலின் கருவியைச் செய்தவரது தளத்திலிருந்து புதிய டிரைவரைப் பெற்று நிறுவுதல் வேண்டும். மிகப் பழைய டிரைவரை, நினைவகக் காப்பு அமைப்பு தடுத்தலும் உண்டு. டிரைவர் செவ்வையாய் இருந்தும் குரல் பதிவாகாவிடின், அந்தரங்க அமைப்பில் மைக்கிற்கு அனுமதி உளதா என்றும், பதிவு நிரலில் வேறு கருவி தேர்வாகியுளதா என்றும் நோக்குக. பலகாலும் குற்றம் இவ்விரண்டனுள் ஒன்றாகவே இருக்கும்.

2. சுருதி பிறழ்தல். இதுவே மிக்க கேடு விளைப்பது. 44,100 அளவையிற் பதிந்த தம்புரா ஒலியை, மாற்றாமல் 48,000 அளவையில் ஒலிக்கச் செய்தால், ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் ஏறக்குறைய நடுவே சென்று நிற்கும். நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது நொடியில் முடியும். ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையோடும் அச்சுருதி ஒட்டாது என்பதே இதனை அறியும் எளிய வழி. பாடகர் அப்பிழைச் சுருதிக்கு இணங்கிப் பாடிவிட்டாரேல், பின்னர் எண்ணை மட்டும் திருத்துவதாற் பயனில்லை. திருத்தினால் அவர் குரலே மாறி ஒலிக்கும். ஆகையால் விண்டோஸிலும், கருவியின் அமைப்பிலும், பதிவு நிரலிலும் ஒரே எண் இருத்தல் வேண்டும். குறிஞ்சிப்பாடித் தறியில் கால்மிதியும் நாடாவும் ஒரே கணக்கில் ஓடினாலன்றிக் கைலி நேர்படாமைபோல்வது இது.

3. கரகரப்பும் தாமதமும். எண்கள் சிறு தொகுதிகளாகச் சேர்ந்து செல்லும் இடம் பஃபர் ஆகும். 48,000 அளவையில் 256 என்னும் பஃபர் ஏறக்குறைய 5 மில்லிநொடித் தாமதம் தரும். 1,024 என்பது 21 மில்லிநொடி தரும். காற்றில் ஒலி செல்லும் வேகத்தால் நோக்கின், முன்னது பாடகர்க்கும் மிருதங்கக்காரர்க்கும் இடையே இரண்டு மீட்டருக்குச் சிறிது குறைந்த தூரம். பின்னது ஏழு மீட்டர். எழுமீட்டருக்கப்பால் இருப்பவரோடு தாளம் பிடிப்பது எளிதோ? ஆகவே பதியும்போது பஃபரைக் குறைக்க. கரகரப்புத் தோன்றின் ஒரு படி உயர்த்துக. கலவை செய்யும்போது மிகுதியாய் வைத்துக்கொள்க. 1997-இல் ஜெர்மானியரான ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் வகுத்த ஆசியோ என்னும் முறை, விண்டோஸின் கலப்பானைக் கடந்து நேரே கருவியோடு பேசுதலின் தாமதம் குறையும். யுஎஸ்பி வாயிலின் மின்சிக்கன அமைப்பை நிறுத்துதலும், கிளைப்பெட்டியின்றி நேரே இணைத்தலும் நன்று.

4. ஓயாத முரல்வு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. நெய்வேலி அனல் நிலையத்திலிருந்து வரும் மின்சாரமும் அத்தகையதே. அவ்வெண்ணிலோ 100 என்னும் எண்ணிலோ தாழ்ந்த முரல்வு கேட்பின், அது பெரும்பாலும் கணிப்பொறி அமைப்பின் குற்றமன்று, நிலத்தொடர்பின் குற்றமாம். அமைப்புகளைக் கலைத்துக் காலத்தை வீணாக்காது மின்வினைஞரை அழைக்க.

மாணவரே! இவற்றினின்று பொதுவாகப் பெறப்படும் முறை மூன்று. மாற்றுமுன் பழைய எண்களை ஏட்டிற் குறித்துவைக்க. ஒரு காலத்தில் ஒன்றையே மாற்றிச் சோதிக்க. பலவற்றை ஒருங்கே மாற்றுவோர்க்கு நோய் தீர்ந்தாலும் மருந்து எதுவென்று தெரியாது. பாடகரை அழைக்குமுன் ஒரு நிமிடம் தாமே பதிந்து, ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுக் கேட்க. இம்மூன்றையும் கைக்கொள்வோர், நற்கருவியைப் பழுதென்று எறிந்து வீண்பொருள் செலவிடார். தம்மை நம்பிப் பாடவந்த முதியவர் குரலையும் உள்ளவாறே காப்பர்.