மின்கலம் இல்லாமல் பேசும் வானொலி



டிரான்சிஸ்டர் வானொலியில் மின்கலம் தீர்ந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். ஆனால் மின்கலமும் மின் இணைப்பும் இல்லாமலே பேசும் வானொலி ஒன்று உண்டு. அதுவே படிக வானொலி. ஈயத்தின் தாதுவான கலீனா என்னும் படிகத்தால் மின்காந்த அலைகளை உணரலாம் என்று காட்டி, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியபோது, உலகெங்கும் வீடுகளில் படிக வானொலி பரவியிருந்தது.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

ஒலிபரப்பு நிலையத்திலிருந்தேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. நாமக்கல்லிலிருந்து நேர்க்கோட்டில் திருச்சி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அங்கிருந்து 100 கிலோவாட் ஆற்றல் புறப்பட்டு, 75 கிலோமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தில் சீராகப் பரவுவதாகக் கொள்வோம். பரப்பு 2πr². வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 3 மைக்ரோவாட்டுக்கும் சற்றுக் குறைவே. வழியில் நிலம் உறிஞ்சுவதால் உண்மையில் இதைவிடவும் குறையும். இந்தத் துளியைச் சிந்தாமல் காதுவரை கொண்டு சேர்க்க வேண்டும். கருவியின் ஒவ்வொரு பகுதியும் அதற்காகத்தான்.

தேவையான பொருள்கள்

தோட்டத்துக் குழாய் வேலையில் மிஞ்சிய 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டு, மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் 26 கேஜ் எனாமல் செப்புக்கம்பி 13 மீட்டர், பழைய டிரான்சிஸ்டர் வானொலியிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர், ஓஏ 79 அல்லது 1என் 34ஏ ஜெர்மானியம் டையோடு, கிரிஸ்டல் இயர்போன், 47 கிலோ ஓம் மின்தடை.

கைப்பேசிக்கான இயர்போன் இங்கே உதவாது. அதன் மின்தடை மிகக் குறைவு. கிடைக்கும் சிறு மின்னழுத்தத்தை அது விழுங்கிவிடும். சிலிக்கான் டையோடும் ஏற்றதல்ல. அது நன்கு கடத்த ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும், ஜெர்மானியத்துக்கு 0.2 அல்லது 0.3 வோல்ட் போதும்.

செய்முறை

குழாயின் மீது 60 சுற்றுகளை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு 10 சுற்றுக்கும் கம்பியை முறுக்கிச் சிறு காது போல வெளியே விடுங்கள். காதுகளிலும் இரு முனைகளிலும் எனாமலைச் சுரண்டி எடுங்கள். சுருளின் கீழ்முனையை நிலத்தொடர்புடன் இணையுங்கள். மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் குறுக்கே கண்டென்சரின் ஒரு பகுதியை இணையுங்கள். கீழிருந்து 20-ஆம் சுற்றில் உள்ள காதில் ஏரியல் சேரும். மேல்முனையிலிருந்து டையோடு வழியாக இயர்போனுக்கு ஒரு கம்பி. இயர்போனின் மறுமுனை சுருளின் கீழ்முனைக்கு. மின்தடையை இயர்போனுக்கு இணையாகச் சேருங்கள்.

சுருளும் கண்டென்சரும் சேர்ந்து நாம் விரும்பும் அதிர்வெண்ணுக்கு ஒத்ததிர்கின்றன. அலையின் உயரம் பேச்சுக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஆனால் மேல் பாதியும் கீழ் பாதியும் சமமாதலால் சராசரி சுழியாகிவிடும். டையோடு ஒரு பாதியை வெட்டிவிடுவதால் பேச்சு மட்டும் இயர்போனை அசைக்கிறது.

ஏரியலும் நிலத்தொடர்பும்

நெடுங்காலம் திருச்சி வானொலி ஒலித்த 936 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். ஆகவே கைநீளக் கம்பி எதையும் பிடிக்காது. 20 முதல் 30 மீட்டராவது வேண்டும். வீட்டுக் கூரைக்கும் வேப்பமரத்துக்கும் இடையே, இருபுறமும் நைலான் கயிற்றால் கட்டுங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் கோடையில் காய்ந்து மின்சாரத்தைச் சரியாகக் கடத்தா. ஆகவே ஒரு மீட்டர் இரும்புக் கம்பியை, பாத்திரம் கழுவும் நீர் பாயும் ஈர இடத்தில் அடித்து இறக்குங்கள்.

எச்சரிக்கை: ஏரியலைப் பெரியவர் துணையோடு மட்டும் கட்டுங்கள். மின்கம்பிகளுக்கு மேலோ கீழோ அருகிலோ அது வரக்கூடாது. வீட்டு மின்பிளக்கில் எதையும் செருகாதீர்கள். சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு அறிகுறி தெரியும் முன்பே ஏரியலைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள். வானம் இருண்டபின் கம்பியைத் தொடாதீர்கள்.

கேட்கவில்லையா?

நாட்டில் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் மூடப்பட்டுவிட்டன. ஆகவே எந்த நிலையம் உங்கள் ஊருக்கு வலுவாக வருகிறது என்று சாதாரண டிரான்சிஸ்டரில் முதலில் பாருங்கள். பண்பலை நிலையங்கள் இந்தக் கருவிக்கு எட்டா. பகலில் எட்டாத தொலைநிலையங்கள் இரவில் எட்டலாம். அப்போது அயனி மண்டலம் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது. ஒலி மெலிந்திருந்தால் ஏரியலை 30-ஆம் சுற்றுக்கு மாற்றுங்கள்; இரண்டு நிலையங்கள் கலந்தால் 10-ஆம் சுற்றுக்கு இறக்குங்கள். அறை அமைதியாக இருக்கட்டும். கிடைப்பது மெல்லிய குரலே.

செய்து பாருங்கள்

1. நிலத்தொடர்பில் ஒரு குடம் உப்புநீர் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒலியை ஒப்பிடுங்கள்.

2. ஏரியலின் நீளத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகிறது?

3. சேலத்திலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நில உறிஞ்சலை விட்டுவிட்டால், நாமக்கல்லில் கிடைப்பதில் எத்தனை பங்கு ஆற்றல் அங்கே கிடைக்கும்? விடை: பாதிக்கும் சற்றுக் குறைவு. ஏன் என்பதை நீங்களே நிறுவுங்கள்.