'மாற்றியவர்' யார்? ஓர் இளம் நிரலாளருக்குக் கடிதம்



தம்பி எழுதிய கிடங்கு இருப்பு நிரல் வந்து சேர்ந்தது. ஜாவா, ஜேடிபிசி பற்றித் தம்பிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வரி அண்ணனின் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருப்பைத் திருத்தும் அப்டேட் குவெரியில், 'மாற்றியவர்' என்ற பத்திக்கு நெளிவு அடைப்புக்குறிக்குள் 'எஃப்என் யூசர்' என்று போட்டிருக்கிறது.

ஜேடிபிசி டிரைவர் அதை அந்தந்தத் தரவுதளத்தின் மொழிக்கு ஒழுங்காகத்தான் மாற்றி அனுப்பும். கோளாறு வருகிற விடையில் இருக்கிறது. இணைப்பைத் திறந்த கணக்கின் பெயர்தான் தரவுதளத்துக்குத் தெரியும். தம்பியின் நிரலோ கனெக்‌ஷன் பூல் வழியாகப் போகிறது. பூலில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் ஒரே கணக்கில் திறந்தவை. கிடங்கில் எத்தனை பேர் உட்கார்ந்து திருத்தினாலும் அந்தப் பத்தியில் ஒரே பெயர்தான் ஏறும். மூட்டை குறைந்த அன்றைக்குத் தணிக்கையாளர் வந்து கேட்டால், கைகாட்ட ஆள் இருக்காது.

தளத்துக்குத் தளம் விடையும் மாறும். மைசீக்குவலில் யூசர் என்று கேட்டால், பெயரோடு இணைப்பு வந்த கணினியையும் ஒட்டித் தரும். இங்கே அது செயலி ஓடும் சர்வர். எஸ்கியூஎல் சர்வரில் முழு நிர்வாக உரிமையுள்ள கணக்கு என்றால் 'டிபிஓ' என்று மட்டும் வரும்.

உள்நுழைந்தவர் யார் என்பது செயலிக்குத் தெரியும். அந்தப் பெயரைப் பாராமீட்டராகவே அனுப்பிவிடலாம். டிரிக்கர் வழியாகத்தான் பதிய வேண்டும் என்றால், ஆரக்கிளில் கிளையன்ட் ஐடென்டிஃபையர் இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து செஷன் கான்டெக்ஸ்ட் இருக்கிறது. ஒவ்வொரு முறை பூலிலிருந்து இணைப்பை எடுக்கும்போதும் பெயரைப் புதிதாக வைக்க மறக்கக் கூடாது.

அடுத்தது, வெற்று மதிப்புக்குப் பதில் மாற்று மதிப்பைத் தரும் 'எஃப்என் இஃப்நல்'. பக்கத்துக்குப் பக்கம் அதுதான். அதே வேலையைச் செய்யும் கோலெஸ் 1992-ஆம் ஆண்டு எஸ்கியூஎல் தரநிலையிலேயே இருக்கிறது. டிரைவரின் தயவு தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் டிரைவரே இஃப்நல்லைக் கோலெஸ் ஆக்கித்தான் அனுப்புகிறது.

தரநிலையில் இருந்தும், ஆரக்கிள் 8 காலத்தில் அதில் கோலெஸ் கிடையாது, 9ஐ-யில்தான் வந்தது. அப்போதெல்லாம் ஒரே அறிக்கைக்கு இரண்டு கோப்புகள்: ஆரக்கிள் ஓடிய கிளைக்கு என்விஎல், எஸ்கியூஎல் சர்வர் ஓடிய கிளைக்கு இஸ்நல். ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் ஏறாமல் போகும். மாத முடிவில் இரண்டு கிளைகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாது, இரவெல்லாம் தேடல். போதாக்குறைக்கு, மூன்றெழுத்து அகலமுள்ள பத்திக்கு நீளமான மாற்றுச் சொல்லைக் கொடுத்தால் எஸ்கியூஎல் சர்வரின் இஸ்நல் அதை மூன்றெழுத்தோடு வெட்டிவிடும். மைசீக்குவலிலோ அதே பெயர் ஒரே ஒரு மதிப்பை வாங்கிக்கொண்டு, வெற்றா இல்லையா என்று மட்டும் சொல்லும்.  இன்றைக்கு இஃப்நல்லுக்காக நெளிவு அடைப்புக்குறி வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் தம்பியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடத் தோன்றியது. நிரல் தொடங்கும்போதே கெட்சிஸ்டம்ஃபங்ஷன்ஸ் மூலம் டிரைவரிடம் பட்டியலைக் கேட்டு, இஃப்நல் அதில் இல்லையென்றால் ஓட மறுக்கிறதே, அது அபாரம்! பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட இதைச் செய்து பார்த்ததில்லை. கோலெஸுக்கு மாறினால் அந்தச் சோதனை தேவைப்படாது. ஆனால் கேட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். நேட்டிவ்எஸ்கியூஎல் என்ற மெத்தடிடம் குவெரியைக் கொடுத்தால், தளத்துக்கு என்ன போகிறது என்பதையும் காட்டிவிடும்.

அடுத்த வெளியீட்டுக்கு முன்பு அந்த 'மாற்றியவர்' வரியை மட்டுமாவது தம்பி மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே பதிவான வரிசைகளில் உண்மைப் பெயரை இனி மீட்க வழியில்லை.