வெயிலில் ஒரு மலைப் பயணம்

மராட்டிய மாநிலத்தில் லோனாவளா என்ற ஊர் உள்ளது. மும்பையிலிருந்து புனே போகும் ரயில் பாதையில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்தால் ராஜ்மாச்சி வரும். அங்கே இரண்டு கோட்டைகள் உண்டு. ஒன்று ஸ்ரீவர்தன். மற்றொன்று மனரஞ்சன். கோட்டைகளின் அடியில் உதேவாடி என்ற சிறு கிராமம் உள்ளது.

மே மாதக் கடைசியில் அங்கே மின்மினிப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வரும். அதைப் பார்க்க ஐந்து நண்பர்கள் புறப்பட்டார்கள். எல்லோரும் மும்பையில் ஒரே பட்டறையில் வேலை செய்பவர்கள். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது அவர்கள் திட்டம்.

ரயில் தாமதமாக வந்தது. நடக்கத் தொடங்கும்போது மணி பத்து. முதுகில் பை. தலைக்கு மேல் வெயில். இளையவன் பை நிறையத் துணியும் தின்பண்டமும் வைத்திருந்தான். தண்ணீர் ஒரே ஒரு பாட்டில்தான். அதுவும் பாதி வழியில் தீர்ந்தது. கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் நடந்தான்.

மதியம் ஒரு மணி. அவனுக்குத் தலை வலித்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வாந்தி வந்தது. உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான். மெல்ல நட" என்றான் ஒருவன்.

"ஒரு அடிகூட வேண்டாம்" என்றார் மூத்தவர்.

அவனை மரநிழலில் படுக்க வைத்தார்கள். காலைச் சற்று உயர்த்தி வைத்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். சட்டையைத் தளர்த்தினார்கள். ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து விசிறினார்கள்.

ஒருவன் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டப் போனான்.

"நில்லு! பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? படி" என்றார் மூத்தவர்.

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்."

"பார்த்தாயா அண்ணே சொன்னதை? டம்ளரில் கரைத்திருந்தால் உப்பு அதிகமாகி இன்னும் கெடுதலாகியிருக்கும்" என்றான் மற்றொருவன்.

சரியாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் இளையவன் தெளிந்தான். வெயில் தாழும் வரை யாரும் நகரவில்லை. அவன் பையை மற்றவர்கள் சுமந்தார்கள்.

மாலையில் உதேவாடி வந்தது. ஒரு வீட்டில் அரிசி மாவு பாக்ரியும் கடலைமாவுக் குழம்பும் கிடைத்தன. அந்த வீட்டு அம்மாவை "மாவ்ஷி" என்று அழைத்தார்கள். மராத்தியில் அது தாயின் சகோதரியைக் குறிக்கும். "கோடையில் பத்து மணிக்கு யாராவது கிளம்புவார்களா? விடியும் முன் கிளம்ப வேண்டும், பிள்ளைகளே!" என்றார் மாவ்ஷி.

இரவில் மரமெல்லாம் மின்மினி மின்னியது. இளையவன் திண்ணையில் படுத்தபடி பார்த்தான். மறுநாள் அவனை நடக்க விடவில்லை. ஜீப்பில் அனுப்பி வைத்தார்கள்.

ஏன் இப்படி ஆனது?

வியர்வை காயும்போது உடல் குளிரும். மழைக்கு முந்திய நாட்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் காயாது. உடலில் சூடு ஏறும். நீரும் உப்பும் குறையும். வயலிலும் சூளையிலும் வேலை செய்வோருக்கும், பாதயாத்திரை போவோருக்கும் இதே ஆபத்து உண்டு.

நினைவில் வையுங்கள்

1. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி நீர் குடியுங்கள்.
2. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரையுங்கள். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும்.
3. உடல் நெருப்பாய்ச் சுடுகிறதா? பேச்சு குழறுகிறதா? மயக்கமா? இது வெயில் தாக்கு. உயிருக்கு ஆபத்து. உடனே உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். 108 அல்லது 112 எண்ணை அழையுங்கள்.
4. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பேசுவோம்

1. இளையவன் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டது சரியா?
2. மூத்தவர் பொட்டலத்தை ஏன் படிக்கச் சொன்னார்?
3. உங்கள் ஊரில் வெயிலில் வேலை செய்பவர்கள் யார் யார்? அவர்களுக்குக் குடிநீரும் நிழலும் கிடைக்கின்றனவா?